வியாழக்கிழமையே வெளிக்கிட்ட பை

1

ஊரில் இருக்கிற நீங்கள் கோபிக்கக்கூடாது, ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்கு வந்த நாங்கள் திரும்பிப் போகும் நாளில் வான் வண்டி யன்னலால் கை காட்டி அழுகிறோமே, அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் அதே நேரம் அடிவயிற்றில் ஒரு சந்தோஷமும் குறுகுறுத்துக்கொண்டிருக்கும். என் கட்டில், என் குசினி, என் தேத்தண்ணிக் கோப்பை, ஆரும் கேள்வி கேட்காத என் ஞாயிற்றுக்கிழமை. வந்த வீட்டில் சந்தோஷமாக இருந்துவிட்டு, போகிற வீட்டை நினைத்தும் சந்தோஷப்படுகிறவர்கள் நாங்கள். இதை ஊரில் வாய்விட்டுச் சொன்னால் "வெளிநாட்டுக்காரிக்கு எங்கட வெக்கை பிடிக்கேல்லை" என்று கதை வரும். அதனால்தான் அழுகையை மட்டும் காட்டுகிறோம்.

நான் நோர்வேயில், மழைக்குப் பேர்போன பேர்கன் நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். நேற்றுக் கடைசித் தரிப்பிடத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு இருக்கைகளைப் பார்த்துக்கொண்டு போனால், பின்னால் ஒரு பை தனியாகக் குந்தியிருந்தது. மறந்துபோன குடை, தொப்பி, பல்செட் என்று எல்லாம் கண்டவள் நான். மற்ற நாளில் எடுத்துக்கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மறந்துவிடுவேன். நேற்று அந்தப் பையைக் கையில் தூக்கியதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெறும் பஸ்ஸுக்குள் நின்று தனியாகச் சிரித்தேன்.

போன மாதம் நாங்களும் ஒரு பையை மறந்தோம். அந்தப் பைக்கு நாங்கள் வெளிக்கிடும் முன்பே ஒரு பயணம் இருந்தது. அந்தக் கதையை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

எனக்கு ஒரேயொரு அக்கா. ஜெயபுரத்தில் எங்கள் பழைய வளவிலேயே இருக்கிறார். கொஞ்ச வயல், மூன்று கறவை மாடு, பால் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஸ்கூட்டி. பிள்ளைகள் இல்லை. அத்தானும் இல்லை.

ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் நான் அவரிடம் கேட்பது ஒன்றுதான். "அக்கா, ஒருக்கா எங்களிட்டை வந்து நில்லுங்கோவன்." ஒவ்வொரு முறையும் அவர் சொல்லும் பதிலும் ஒன்றுதான். "நாள் சரியா வரட்டும், வாறன்."

அக்காவிடம் பஞ்சாங்கம் பார்ப்பதென்பது சும்மா விளையாட்டில்லை. ராகுகாலத்தில் படலையைத் தாண்டமாட்டார். செவ்வாய்க்கிழமை நெல் விற்கமாட்டார். எந்தக் கிழமை எந்தத் திசைக்குச் சூலம் என்று எனக்கு பஸ் நேர அட்டவணை தெரிவதுபோல அவருக்குத் தெரியும். இவ்வளவு பார்க்கிறவருக்கு நோர்வே வருவதற்கு மட்டும் ஒரு நாளும் நல்ல நாள் கிடைக்கவில்லை.

இந்த முறை நான் விடுவதாயில்லை. விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று எல்லாம் விசாரித்துக்கொண்டு போயிருந்தேன். பின்னேரம் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போது பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே போனேன்.

"கடைசியா, நீங்கள் திரும்பிப் போவீங்கள் எண்டதுக்கு அத்தாட்சி கேக்கிறாங்கள்" என்றேன்.

அக்கா வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நான் வரமாட்டன் எண்டு இஞ்சை நிக்கிறன். நான் போகமாட்டன் எண்டு அவங்கள் அங்கை பயப்பிடுறாங்களோ?"

"ஓம்."

"மாடு நிக்குது எண்டு எழுது."

என் மகள் மீரா கேட்டுக்கொண்டு நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். பதினாலு வயது. அந்த மாதம் முழுக்க அவள் கைத்தொலைபேசிக்குள்தான் குடியிருந்தாள். தமிழில் கேட்டால் நோர்வேஜிய மொழியில் பதில், அதுவும் ஒற்றைச் சொல்லில். பெரியம்மா சொன்ன இந்த ஒரு பகிடிக்குத்தான் முதன்முதலாகத் தலையை நிமிர்த்தினாள்.

சிரிப்பு அடங்கிய பிறகு அக்கா மெல்லச் சொன்னார். "பகிடி இல்லைப் பிள்ளை. அண்டைக்கு நாள் பார்த்தே வெளிக்கிட்டனாங்கள்? அடுப்பிலை சோறு, கதவு ஆவெண்டு கிடக்கு, ஓடினதுதான். ரெண்டு பேராப் போய் ஒராளாத் திரும்பி வந்தன். இனி நேரம் பாராமல் இந்தப் படலையைத் தாண்டமாட்டன்."

யுத்தத்தில் ஊரே ஓடிய அந்த நேரம் நான் பேர்கனில் இருந்தேன். பாதுகாப்பாக, வயிறு நிறைய. அதனால் அதற்கு மேல் அவரை நெருக்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

3

எங்களுக்கு விமானம் சனிக்கிழமை பின்னேரம். அக்காவுக்கு இது பெரிய இடி. சனிக்கிழமை பயணமே கூடாது. போதாக்குறைக்குச் சனிக்கிழமை கிழக்கே சூலம். நாங்கள் மாங்குளத்துக்குப் போய்த்தான் பெரிய தெருவில் ஏற வேண்டும். மாங்குளம் இருப்பதோ கிழக்கே.

"விமானத்தை மேற்காலை விடச் சொல்லிக் கேக்கவோ?" என்றார் என் கணவர் ரவி. அவருக்கு இப்படித்தான் வாய் சும்மா இருக்காது.

அக்கா பஞ்சாங்கத்தைத் திறந்தார். இதற்கெல்லாம் எங்கள் ஆட்களிடம் ஒரு பழைய வழி இருக்கிறதே. போகிற நாள் சரியில்லையென்றால், அதற்கு முன் வருகிற நல்ல நாளில், நல்ல நேரத்தில் ஒரு பையை மட்டும் வீட்டை விட்டு வெளியே எடுத்து அயல்வீட்டில் வைத்துவிடுவது. பை வெளிக்கிட்டால் ஆள் வெளிக்கிட்ட மாதிரி. பிறகு எந்த நாளில் போனாலும் தோஷமில்லை. போகும் வழியில் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போனால் சரி. திரும்ப வீட்டுக்குள் மட்டும் கொண்டுவரக்கூடாது.

வியாழக்கிழமை காலை நான் மீராவின் பழைய தோள்பையில் ஒரு துவாயை வைத்துக் கொடுத்தேன். அக்கா திறந்து பார்த்துவிட்டுத் துவாயை வெளியே எறிந்தார்.

"பயணத்துக்கு இல்லாமல் முடியாத சாமானா வைக்கோணும். பழைய துவாயை வைச்சுச் சாமியைப் பேய்க்காட்டலாமே?"

"அப்ப இதுதான் சரி" என்று ரவி எங்கள் மூன்று பாஸ்போர்ட்டையும் பயணச்சீட்டையும் அதற்குள் வைத்தார். "இதுகள் இல்லாமல் ஒரு மண்ணும் நடக்காது."

அக்காவுக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக ரவியில் ஒரு மரியாதை வந்தது.

பையை அடுத்த வளவில் இருக்கும் பாக்கியமக்காவிடம் கொடுத்தோம். அவருடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அக்காவுக்கு அவர்தான் இப்போது உற்றதுணை. பாக்கியமக்கா பையை இரண்டு கையாலும் வாங்கிச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்து, திருநீறும் பூசிவிட்டார்.

4

சனிக்கிழமை காலை வான் வந்து நின்றது. ஓட்டுநர் தயா, கிளிநொச்சிப் பொடியன், நல்ல சிரிப்பு. அதற்குப் பிறகு எங்கள் முற்றம் என்ன பாடுபட்டதென்று வெளிநாட்டுக்காரர் வந்துபோன வீட்டுக்காரர் எல்லாருக்கும் தெரியும். ஒடியல்மா, மிளகாய்த்தூள், மோர்மிளகாய், முருங்கையிலை வறை. பெட்டியை நிறுப்பது, ஒன்றை எடுப்பது, அக்கா பார்க்காத நேரத்தில் எடுத்ததை அக்கா திரும்ப வைப்பது. அக்கா படலையடியில் நிறைகுடம் வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். நான் அழுதேன். உள்ளே அந்தச் சந்தோஷமும் குறுகுறுத்தது. வான் வெளிக்கிட்டது.

பாக்கியமக்காவின் படலையில் நிற்பாட்டச் சொல்லித் தயாவிடம் சொல்ல வேண்டியது நான்தான் என்று ரவி நினைத்திருக்கிறார். ரவி சொல்லியிருப்பார் என்று நான் நினைத்திருக்கிறேன். மீரா எதையும் நினைக்கவில்லை.

வெள்ளாங்குளம் தாண்டி, துணுக்காய் தாண்டி, மல்லாவி தாண்டி மாங்குளம் வரும்வரைக்கும் நான் தயாவின் ஓட்டத்தில் பிழை பிடித்துக்கொண்டிருந்தேன். வளைவில் முந்தாதே, சமிக்ஞை போடு, தூரம் விட்டு ஓடு. அவன் பொறுமையாக "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றான். மாங்குளம் சந்தியில் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். சுடச்சுட வடை. மீரா போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"அம்மா, செக்-இன் செய்யப்போறன். பாஸ்போர்ட் நம்பர் சொல்லுங்கோ."

ரவி சட்டைப்பையைத் தடவினார். நான் கைப்பையைத் தடவினேன். பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒவ்வொரு நாளும் மற்றவர்கள் மறந்த பைகளைப் பொறுக்கிக் கொடுக்கிற நான், எங்கள் பையைப் பாக்கியமக்கா வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன்.

அக்காவுக்கு அழைத்தேன். மணி அடிக்க முதலே எடுத்தார்.

"கடவுளே, எடுத்தியே! நாங்கள் ரெண்டு பேரும் பையை வைச்சுக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டு இருக்கிறம்!"

"தெரிஞ்சும் ஏன் அக்கா எனக்கு எடுக்கேல்லை?"

பாக்கியமக்காவின் குரல் குறுக்கே வந்தது. "நான் பையோட கேட் கிட்டயே நின்னேம்மா. வேன் என்னையத் தாண்டிப் போகுது. போறவங்களைப் பின்னால கூப்பிடலாமா? வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன்."

"போனிலை சொல்லியிருக்கலாமே!"

"போன்ல கூப்பிட்டாலும் அது பின்னால கூப்பிட்டதுதானே?"

எனக்கு வந்த கோபத்தை மாங்குளம் சந்தி முழுக்கக் கேட்டிருக்கும். தயா உடனே வானைத் திருப்பப் போனான். அது அக்காவின் காதில் விழுந்துவிட்டது.

"வான் திரும்பக்கூடாது! வெளிக்கிட்ட கால் திரும்பினா, போற காரியம் அழியும்."

"அக்கா, பிளேன் நாள் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு நிக்காது! நாங்கள் வந்து எடுத்துக்கொண்டு திரும்பிப் போக நேரம் காணாது!"

போனுக்குள் அக்கா ஸ்கூட்டியைத் தள்ளும் சத்தம் கேட்டது.

"அதுதானே சொல்லுறன். நீங்கள் அங்கையே நில்லுங்கோ. நான் கொண்டு வாறன்."

போன் வெட்டுப்பட்டது. கடைச் சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தேன். சனிக்கிழமை ராகுகாலம் தொடங்கியிருந்தது.

5

அக்காவின் ஸ்கூட்டி முழங்காவிலுக்கு அங்காலே போனதில்லை. ஜெயபுரத்திலிருந்து மாங்குளம் என்றால் பாதி வன்னியைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வர வேண்டும். நான் கடை வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தேன். ரவி பதற்றம் வந்தால் சாப்பிடுகிறவர். வடைத் தட்டு காலியாகிக்கொண்டிருந்தது. தயா விமான நிலையத்துக்கு எப்படி எப்படி விட்டால் போய்ச் சேரலாம் என்று விரலை மடித்தான். இந்த முறை வளைவில் முந்துவதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

மீராதான் வழி கண்டுபிடித்தாள். பாக்கியமக்காவின் போனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். ஸ்கூட்டியில் பின்னால் இருந்த பாக்கியமக்கா ஒரு கையால் பையையும் மறுகையால் போனையும் கட்டிப்பிடித்திருந்தார். திரையில் ஒருக்கால் வானம், ஒருக்கால் அக்காவின் ஹெல்மெட், ஒருக்கால் பாக்கியமக்காவின் மூக்குத்தி.

"எங்க நிக்கிறீங்கள்?" என்று கத்தினாள் மீரா.

"நிக்கலம்மா, பறக்குறோம்! உங்க பெரியம்மாவுக்கு இன்னிக்கு என்னமோ புடிச்சிருக்கு!"

"பெரியம்மா, மெதுவா! இல்லை, கெதியா! கெதியா வாங்கோ! மாடு வருது, பாருங்கோ, இடப்பக்கம் மாடு!"

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு மாதமாக வாயில் கொழுக்கட்டை வைத்திருந்த பிள்ளை தெருவில் நின்று தமிழில் வழி காட்டிக்கொண்டிருக்கிறது. கடையில் தேத்தண்ணி குடிக்க வந்தவர்கள் எல்லாரும் அவளைச் சுற்றி நின்று பார்த்தார்கள். துணுக்காய் வந்தபோது கை தட்டினார்கள். மல்லாவி வந்தபோது ஒருவர் "ஆச்சு, இனி நேர்த் தெரு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஸ்கூட்டி சந்திக்குள் நுழைந்தபோது ஏதோ தேர் வந்த மாதிரி ஆரவாரம். அக்கா வீட்டுச் சட்டையோடு வந்திருந்தார். முழங்கையில் இன்னும் மாட்டுத் தவிடு ஒட்டியிருந்தது. காலில் இரண்டு வேறு வேறு செருப்பு. பையை என் கையில் வைத்தார். திறந்து பார்த்தேன். மூன்று பாஸ்போர்ட்டும் திருநீறு பூசியபடி கிடந்தன.

"அக்கா, ராகுகாலத்திலை வெளிக்கிட்டீங்களே!"

"ஆர் வெளிக்கிட்டது? நானோ?" அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினார். "எனக்கெங்க பயணம்? இந்தப் பை வியாழக்கிழமையே வெளிக்கிட்டது. நான் அதுக்குத் துணையா வந்தனான்."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அக்கா தேத்தண்ணியை வாயில் வைக்காமல் வந்த தெருவையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"கதவு பூட்டினனானோ எண்டு தெரியேல்லை. மாட்டுக்குத் தண்ணி வைச்சனானோ எண்டும் தெரியேல்லை. இப்பிடி விழுந்தடிச்சு வெளிக்கிட்டது அண்டைக்குப் பிறகு இண்டைக்குத்தான்."

விமானமாவது மண்ணாவது, இவரைக் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு வருவோம் என்றிருந்தது. அதைச் சொல்லியும் விட்டேன்.

"விசரே உனக்கு? ஏறு வானிலை!" அக்கா என் முதுகில் ஒன்று வைத்தார். "நான் போய்ச் சேர்ந்திட்டுச் சொல்லுறன்."

வழக்கமாக அந்த வசனத்தைச் சொல்கிறவர்கள் நாங்கள்தான்.

6

மாங்குளத்திலிருந்து வவுனியா, வவுனியாவிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம். தயா ஓட்டிய ஓட்டத்தை எங்கள் பஸ் கம்பனிக்காரர் கண்டிருந்தால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கையில் போனைப் பிடித்திருந்தேன். அநுராதபுரப் பக்கம் மழை. பிறகு ஒரே வெயில். அக்காவிடமிருந்து சத்தமில்லை. நானாக எடுக்கவும் பயம். ஸ்கூட்டி ஓடுகிறவருக்குப் போன் எடுக்கக்கூடாதே என்று நான் சொன்னேன். ரவி என்னைப் பார்த்தார்.

"நீயும் பின்னாலை கூப்பிடப் பயப்பிடுறாய்" என்றார்.

விமான நிலையத்தில் எங்கள் விமானத்துக்காரர் எல்லாரும் உள்ளே போய்க் கூட்டம் குறைந்திருந்தது, அது நல்ல சகுனமில்லை. பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடினோம். கவுண்டரில் இருந்த பெண் எங்களைக் கண்டதும் மணிக்கூட்டைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, கையை நீட்டினாள். பாஸ்போர்ட்டைத் திறந்து விரலைப் பார்த்தாள். வெள்ளையாகத் தூள். திரும்ப எங்களைப் பார்த்தாள். ரவி "ஹோலி ஆஷ், மிஸ்" என்றார். அவள் சிரித்துவிட்டு விரலைத் தன் நெற்றியில் தடவினாள். பெட்டிகள் பட்டையில் ஏறிப் போயின. நான் அந்த இடத்திலேயே மீராவைத் தூக்கிச் சுற்றியிருப்பேன், அவள் என்னைவிட உயரம் என்பதால் விட்டேன்.

விமானத்துக்குள் ஏற வரிசையில் நிற்கும்போது போன் அடித்தது. அக்காவின் குரல் பதிவு. மீரா அதைச் சத்தமாகப் போட்டாள்.

"வந்து சேர்ந்திட்டன். கதவு பூட்டினபடிதான் கிடக்கு. மாடு மூண்டும் நிக்குது. வாளியிலை தண்ணியும் கிடக்கு. சோத்துப் பானையும் அப்பிடியே இருக்கு." பிறகு ஒரு நீண்ட மூச்சு. "எல்லாம் அப்பிடியே இருக்குப் பிள்ளை."

மீரா அதைத் திரும்பவும் போட்டுக் கேட்டாள். நான் வரிசையில் நின்று, ஆர் பார்த்தால் என்ன என்று, நன்றாக அழுதேன். இந்த அழுகைக்குள்ளேயும் சந்தோஷம் இருந்தது. இந்த முறை அதை ஒளிக்க வேண்டியிருக்கவில்லை.

7

பேர்கனில் மழை எங்களை வரவேற்றது. என் கட்டில், என் குசினி, என் கோப்பை. திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறி இருக்கையைச் சரிசெய்து கண்ணாடியைத் திருப்பியபோது மனம் துள்ளியது. மீரா இப்போது பின்னேரங்களில் பெரியம்மாவுக்கு வீடியோ எடுக்கிறாள். மாடுகளின் பெயர் எல்லாம் அவளுக்குப் பாடம்.

அடுத்த வியாழக்கிழமை வேலைக்கு வெளிக்கிடும்போது பாக்கியமக்காவின் அழைப்பு வந்தது. மனம் திடுக்கிட்டது.

"என்ன பாக்கியமக்கா, அக்காவுக்கு என்ன?"

"ஒன்னுமில்லம்மா. உங்க அக்கா காலையில ஒரு பை கொண்டாந்து வச்சிட்டுப் போயிருக்கு. சாமிப்படத்துக்குக் கீழ. நான் ஒங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன்."

"என்ன பை?"

"ரெண்டு சேலை. நீங்க எப்பவோ குடுத்த குளிர்ச்சட்டை, அது இன்னும் பிரிக்காம அப்படியே இருக்கு. பொறந்த பத்திரம். அவ்வளவுதான்."

நான் படிக்கட்டில் குந்திவிட்டேன். உடனே அக்காவுக்கு எடுத்தேன். பால் கொடுத்துவிட்டு வரும் வழியில் நின்று கதைத்தார்.

"அக்கா, உங்களுக்கு இன்னும் பாஸ்போர்ட்டே இல்லை. விசாவுக்கு நான் ஒண்டும் அனுப்பவும் இல்லை."

"அது உன்ர வேலை. நல்ல நேரம் வந்தது, நான் வெளிக்கிட்டிட்டன்."

"மாடு?"

"மாடு நிக்கும். நான் போய்த் திரும்பி வந்து பார்த்தனான்தானே."

இன்றைக்கு விடுமுறை எடுத்துக்கொண்டு விசாப் படிவத்தின் முன்னால் இருக்கிறேன். வெளியே மழை, மேசையில் தேத்தண்ணி, பக்கத்தில் மீரா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திரும்பிப் போவதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்ட இடத்தில் மூன்று மாடுகளையும் வயலையும் எழுதிவிட்டேன். அதற்குக் கீழே பயணம் எப்போது தொடங்கும் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் நானும் மீராவும் கையை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறோம். அக்கா வியாழக்கிழமையே வெளிக்கிட்டாயிற்று.